ஹார்ட் டிஸ்க்கைத் தொடாத லினக்ஸ்

விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. மாறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை பிராசசர்கள் லேப்டாப்பில் வரத் தொடங்கியதே 2017 ஆகஸ்டில்தான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமோ 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் மாணவர் கைக்கு வந்த லேப்டாப் எதுவும் இந்த வாசலைத் தாண்டாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் இப்படி ஒரு லேப்டாப் பீரோ மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ கிடப்பது சாதாரணம். அதில் படித்த பிள்ளை இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் வேலை பார்க்கலாம்.  லேப்டாப் ரிப்பேர் ஆகவில்லை. ஆன் செய்தால் ஓடுகிறது. ஆனால் திரை வர நேரமாகிறது, பிரௌசர் திணறுகிறது, இப்போது பாதுகாப்பும் போயிற்று. எடைக்குப் போடலாமா என்று வீட்டில் பேச்சு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த லேப்டாப்புகளில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுத்தான் அரசு கொடுத்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். பழகிய பெயரைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். வைரஸ் ஏறி சர்வீஸ் கடைக்குப் போனபோது, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மட்டும் போட்டுக்கொடுத்தார்கள். பாஸ் போனது யாருக்கும் தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை. இதற்கு பாஸின் தரம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இயங்குதளத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதை ஹார்ட் டிஸ்க்கில் குடியேற்றிவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல் விட்டதுதான் பிழை. வரிசையை மாற்றியிருக்க வேண்டும்: முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்றுவது. இந்த வரிசை எப்படிச் சாத்தியமாகிறது என்பதைப் பார்க்கலாம்.

பவர் பட்டனை அழுத்தும் கணத்தில் ராமில் உருப்படியாக ஒன்றும் இருக்காது. பிராசசருக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள இடம். இன்டெல் வகைப் பிராசசர்கள் தங்கள் முதல் கட்டளையை அங்கிருந்துதான் எடுக்கின்றன. அந்த முகவரியில் மதர்போர்டின் சிறிய ஃபிளாஷ் சிப் ஒன்று பதில் சொல்லும்படி கம்பி இழுத்திருப்பார்கள். அதற்குள் இருக்கும் நிரலுக்குப் பழைய மதர்போர்டில் பயாஸ் என்று பெயர், புதியதில் யூஇஎஃப்ஐ. அது ராமைச் சோதிக்கும், திரையையும் விசைப்பலகையையும் எழுப்பும், பிறகு கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போய் இயங்குதளம் இருக்கிறதா என்று பார்க்கும். ஹார்ட் டிஸ்க், டிவிடி, பென்டிரைவ், நெட்வொர்க் என்று அந்தப் பட்டியல் போகும். வரிசையை நாம் மாற்றலாம். பென்டிரைவிலிருந்து பூட் செய்வது என்றால், இந்தப் பட்டியலில் பென்டிரைவை முதலில் நிற்க வைப்பதுதான்.

இப்படி வெளியிலிருந்து மாற்றி மாட்டுவது காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதி அல்ல. ஜக்கார்டு வருவதற்கு முன் இங்கே அடை கட்டி நெய்தார்கள். டிசைன் நூலாகவே தறியில் கட்டப்பட்டிருந்தது. டிசைனை மாற்றுவது என்றால் கட்டையே மாற்ற வேண்டும். ஜக்கார்டு பெட்டி வந்தபின் டிசைன் தறியைவிட்டு வெளியே வந்து துளையிட்ட அட்டைகளில் ஏறியது. அட்டைச் சரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அதே தறி, அதே பாவு, வேறு பார்டர். ஜக்கார்டு அட்டையின் துளையும் துளையின்மையும்தான் கணினியின் ஒன்றும் பூஜ்யமும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்தக் கழற்றி மாட்டும் வசதி. எந்த டிசைன் என்று தறிக்குத் தெரியாமல் இருப்பதே அதன் பலம். கணினியும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸோடு விற்கப்படுவதால் நாம்தான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டோம்.

பயாஸ் தேடும் விதம் கஞ்சத்தனமானது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. அந்த முத்திரை பதினாறடிமான எண்ணில் 55, ஏஏ என்று இருந்தால், இது பூட் ஆகும் டிஸ்க் என்று நம்பி அந்த 446 பைட்டிடம் கணினியையே ஒப்படைத்துவிடும். இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட 446 பைட்டுக்குள் அடக்க முடியாது. அந்தச் சிறு நிரல் செய்யக்கூடியது ஒன்றே: தன்னைவிடப் பெரிய இன்னொரு நிரலை எங்கிருந்தோ இழுத்து வருவது. யூஇஎஃப்ஐ கொஞ்சம் தாராளம். அதற்கு ஃபேட் வகைக் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியும். பென்டிரைவில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. அந்தக் கோப்பு இருந்தால் எடுத்து ஓட்டும்.

லினக்ஸுக்கு வெளியிலிருந்து பூட் ஆவது பிறவிப் பழக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை வெளியிட்ட தொடக்க நாட்களில் ஒரு பூட் ஃபிளாப்பி, ஒரு ரூட் ஃபிளாப்பி என்று இரண்டைப் போட்டுத்தான் ஓட்டினார்கள். 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், நாப்பிக்ஸ் என்ற பெயரில் முழு டெஸ்க்டாப்பையும் சுருக்கி ஒரே சிடியில் அடைத்தார். ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினியிலும் ஓடியது. உபுண்டு 2004-ல் வந்தது. கேட்டவர்களுக்கு இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பிக்கொண்டிருந்தது, 2011-ல் நிறுத்தும் வரை. தமிழ்நாட்டில் பலருடைய முதல் லினக்ஸ் தபால்காரர் கொண்டுவந்ததுதான். பென்டிரைவும் 2000-ஆம் ஆண்டின் பிள்ளையே. அந்த ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ஒன்றை விற்றது. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. இன்று பொட்டிக்கடை அளவிலான மொபைல் கடையில்கூட அதைப்போல ஆயிரம் மடங்கு கிடைக்கிறது.

இணையத்திலிருந்து இறக்கும் லினக்ஸ், ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வரும். இரண்டு மூன்று ஜிபி இருக்கும், சிலது அதற்கும் மேல். இதைப் பாட்டையோ போட்டோவையோ போல பென்டிரைவில் காப்பி செய்து வைத்தால் பூட் ஆகாது. புதியவர்கள் எல்லாரும் இங்கேதான் முதலில் நிற்கிறார்கள். காப்பி செய்யும்போது கோப்பு டிஸ்க்கின் ஏதோ ஒரு மூலையில் போய் உட்காரும். முதல் 512 பைட்டில் பழைய நிரல்தான் இருக்கும். ஐஎஸ்ஓ என்பது உண்மையில் ஒரு கோப்பு அல்ல, ஒரு முழு டிஸ்க்கின் நகல். அதன் முதல் பைட் பென்டிரைவின் முதல் பைட்டில் விழ வேண்டும்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருக்கிறது. ஐஎஸ்ஓ 9660 என்பது 1988-ல் சிடிக்காக வகுக்கப்பட்ட தரம். அந்தத் தரம் முதல் 32 கேபியை எதற்கும் பயன்படுத்தாமல் காலியாக விட்டது. சிடியிலிருந்து பூட் செய்ய 1995-ல் எல் டோரிட்டோ என்று ஒரு தரம் வந்தபோதும், அதன் குறிப்பு இந்தக் காலியிடத்தைத் தாண்டித்தான் வைக்கப்பட்டது. பின்னால் சிஸ்லினக்ஸ் என்ற பூட் நிரலை எழுதிய எச். பீட்டர் ஆன்வின், அந்தக் காலி மனையில் பயாஸுக்கு வேண்டிய 512 பைட்டைக் குடிவைத்தார். சிடியாக எரித்தால் சிடி டிரைவ் அதைக் கண்டுகொள்ளாது; பென்டிரைவில் எழுதினால் பயாஸ் அதை மட்டுமே கண்டுகொள்ளும். ஒரே கோப்பு, இரண்டு வேஷம். ஐஎஸ்ஓஹைப்ரிட் என்று இதற்குப் பெயர். இன்று இறக்கும் பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் இந்த வகைதான்.

பைட் மாறாமல் எழுத விண்டோஸில் ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகள் இருக்கின்றன. லினக்ஸில் டிடி என்ற இரண்டெழுத்துக் கட்டளையே போதும். ஆனால் டிடி கேள்வி கேட்காது. எஸ்டிபி என்ற டிஸ்க் பெயருக்குப் பதில் எஸ்டிஏ என்று ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால், பென்டிரைவுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க்கின் தலையில் எழுதிவிடும். கட்டளையைத் தட்டும் முன் டிஸ்க் பட்டியலை எடுத்து, எது 500 ஜிபி, எது 8 ஜிபி என்று அளவை வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். பல லினக்ஸ்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு வென்டாய் என்ற கருவி இருக்கிறது. அதை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகவே காப்பி செய்யலாம். பூட் ஆகும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஊருக்கு ஒருவர் இதை வைத்திருந்தால் நல்லது.

எழுதும் முன் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்றுண்டு. இறக்கிய தளத்திலேயே ஷா-256 என்று 64 எழுத்து கொண்ட ஒரு சரம் இருக்கும். நம் கணினியிலும் அந்தக் கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். மூன்று ஜிபியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தச் சரமே உருமாறிப்போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது பாதியில் அறுந்த கோப்புகள் இங்கே பிடிபடும். பென்டிரைவிலேயே மோசடி இருந்தால் இது காப்பாற்றாது. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து விற்கும் சரக்கு சந்தையில் உண்டு. மலிவைப் பார்த்து ஏமாறக் கூடாது.

எழுதி முடித்ததும் அதே பென்டிரைவை விண்டோஸில் சொருகினால், டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வரும். இல்லாவிட்டால் 16 ஜிபி பென்டிரைவ் நாலைந்து எம்பியாகச் சுருங்கித் தெரியும். பென்டிரைவ் போயிற்று என்று பதறுவார்கள், ஓகே கொடுத்துவிடுவார்கள், எழுதியதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்துவிட்டுக் கழற்றிக்கொள்ளுங்கள்.

இனி பூட். லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் சொருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும். லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் அனுமதித்தால்தான் வேலை செய்யும். செக்யூர் பூட் என்ற பூட்டு இருக்கும் லேப்டாப்பில் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவை தடையின்றிப் போகும். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலைத் தங்கள் முன்வாசலில் வைத்திருக்கின்றன. சில சிறிய லினக்ஸ்களுக்கு அந்தப் பூட்டைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும்.

கிரப் என்ற பூட் நிரலின் மெனு வரும், முதல் வரியில் என்டர் தட்டுவோம், திரை கறுக்கும். இந்தக் கறுத்த சில நொடிகளுக்குள் நடப்பதுதான் முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த கட்டம். கிரப், பென்டிரைவைப் படிப்பதற்கு பயாஸின் கையையோ யூஇஎஃப்ஐயின் கையையோ கடன் வாங்குகிறது. அப்படி இரண்டு கோப்புகளை ராமில் இறக்குகிறது: ஒன்று லினக்ஸின் மையமான கெர்னல், மற்றது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு மூட்டை. கெர்னலிடம் பொறுப்பு கைமாறிய அந்த நொடியே கடன் வாங்கிய கை போய்விடுகிறது. எந்தப் பென்டிரைவிலிருந்து வந்ததோ அதுவே கெர்னலுக்கு இப்போது தெரியாது! யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப் எங்கே, அதில் என்னென்ன சொருகியிருக்கிறது, அதில் எது டிஸ்க் என்று முதலிலிருந்து தேட வேண்டும். தேடுவதற்கு டிரைவர் வேண்டும். டிரைவரோ பென்டிரைவில் இருக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் அந்தத் தற்காலிக மூட்டை. அவசரத்துக்கு வேண்டிய டிரைவர்களை அதில் கட்டி, கெர்னலோடு கூடவே ராமுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

யூஎஸ்பி கருவிகள் கண்விழிக்கச் சில நொடி ஆகும். கெர்னல் அதற்குள் அவசரப்பட்டாலோ, அந்த யூஎஸ்பி போர்ட்டுக்கான டிரைவர் மூட்டையில் இல்லாவிட்டாலோ, லைவ் கோப்பமைப்பு உள்ள எதையும் காணவில்லை என்று ஓர் ஆங்கில வரி வந்து, அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற எழுத்தோடு திரை நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை. பென்டிரைவைக் கழற்றி வேறு போர்ட்டில், முடிந்தால் நீல நாக்கு உள்ள போர்ட்டிலிருந்து கறுப்பு நாக்கு போர்ட்டுக்கு மாற்றிச் சொருகி மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்தப் போர்ட்டில் சொருகினாலும் கெர்னல் சரியான டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது பெயரை வைத்து அல்ல. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கண்டுபிடித்த வரிசையைப் பொறுத்து மாறும். டிஸ்க்குக்குள்ளேயே பொறித்த அடையாள எண்ணையோ லேபிளையோ, குறிப்பிட்ட ஒரு கோப்பையோ வைத்துத்தான் இதுதான் என்று உறுதி செய்துகொள்கிறது.

கண்டுபிடித்தபின் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரு பெரிய கோப்பைத் திறக்கிறது. முழு இயங்குதளமும் அதற்குள் அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கலாம், எழுத முடியாது. எழுத முடியாத இயங்குதளத்தில் வால்பேப்பர்கூட மாற்ற முடியாதே? அதற்காக ராமில் ஒரு வெற்று அடுக்கை விரித்து, படிக்க மட்டுமான அடுக்கின் மேல் போர்த்துகிறார்கள். ஓவர்லேஎஃப்எஸ் என்ற இந்த வசதி 2014-ல் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. நாம் மாற்றும் கோப்பு மேல் அடுக்கில் எழுதப்படும். மாற்றாதவை கீழ் அடுக்கிலிருந்து தெரியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அணைத்தால் ராம் காலி, மேல் அடுக்கு காலி. பிள்ளைகள் எதை அழித்தாலும், எதைக் கிளறினாலும் அடுத்த முறை பூட் செய்யும்போது புத்தம் புதிதாக வருவது இதனால்தான்.

இவ்வளவு நேரமும் ஹார்ட் டிஸ்க் தன் பாட்டுக்குக் கிடக்கிறது. நாமாகத் திறந்தால் ஒழிய அதில் ஓர் எழுத்துகூட எழுதப்படுவதில்லை. விண்டோஸ் பூட் ஆகாமல் போன லேப்டாப்பிலிருந்து போட்டோவையும் மார்க்ஷீட்டையும் மீட்க இதுவே நல்ல வழி. லைவ் லினக்ஸில் ஏறி, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

லைவ் முறையில் இருக்கும்போதே சோதித்துவிட வேண்டியவை இருக்கின்றன. முதலில் வைஃபை. பழைய லேப்டாப்புகளில் உள்ள சில பிராட்காம், ரியல்டெக் சிப்புகளுக்கு டிரைவர் தனியாகத் தேவைப்படும். பிறகு ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது. தமிழ் தட்டச்சுக்குப் பஞ்சமில்லை; ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதி வழியாகத் தமிழ்99, ஃபொனெட்டிக் எல்லாம் கிடைக்கும். வேகத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். மலிவான பென்டிரைவ் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவானது. அங்கே திணறுவது இங்கே ஓடலாம். லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்று சொல்பவர்களையும் முழுதாக நம்ப வேண்டாம். 2 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் லுபுண்டு போன்ற எடை குறைந்தது நன்றாக எழும். ஆனால் பிரௌசரில் பத்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும். ராமை 4 ஜிபி ஆக்கி, சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அப்போது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என் தேர்வு.

காஞ்சிபுரத்தில் கேட்கப்படும் அடுத்த கேள்வி, தொழிலுக்கு ஆகுமா என்பது. பில் போடவும் கணக்குக்கும் டேலி வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியைத் தொட வேண்டாம். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜக்கார்டு டிசைன் மென்பொருள்களில் பலவும் விண்டோஸுக்கு மட்டுமே. விலக்குகளில் ஒன்று ஸ்லோவேனியா நாட்டு அராவீவ். அது லினக்ஸில் ஓடும்படியே வளர்க்கப்பட்டது. மென்பொருள் வாங்கும் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமான கிம்ப் இருக்கிறது. ஜக்கார்டு டிசைன் என்பது கடைசியில் கட்டம் போட்ட படம்தானே. 240 ஹூக் பெட்டி என்றால் 240 புள்ளி அகலம். ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு வரி. கிராஃப் தாளில் பென்சிலால் நிரப்பிய கட்டத்தை கிம்ப்பில் இரண்டே நிறத்தில் புள்ளி புள்ளியாக வைக்கலாம். நெசவுக் கட்டுமானத்தை அது கணக்கிட்டுத் தராது. அதை டிசைன் போடுபவர்தான் அறிந்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் ஜக்கார்டில் துளை அட்டையே கிடையாது, டிசைன் கோப்பு பென்டிரைவில்தான் போகிறது. அந்தப் பென்டிரைவையும் பூட் செய்யும் பென்டிரைவையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனித்தனி நிறத்தில் வாங்குங்கள்.

பிடித்துப்போய் உள்ளே ஏற்றுவது என்று முடிவெடுத்தால், விண்டோஸை அழித்துவிட்டுப் போடலாம் அல்லது பக்கத்தில் போடலாம். பக்கத்தில் போடுபவர்கள் முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதை நிறுத்த வேண்டும். அது இருந்தால், அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் அதன் டிரைவில் எழுதுவது ஆபத்து என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கும். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கும் லேப்டாப் என்றால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் அது கேட்டாலும் கேட்கும்.

லைவ் முறையில் மாற்றங்கள் நிலைக்க வேண்டும் என்றால் பென்டிரைவிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்கி, ராமில் இருக்கும் மேல் அடுக்கை அங்கே மாற்றிவிடலாம். ரூஃபஸிலேயே அதற்கு ஒரு சறுக்குப் பட்டை உண்டு. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு பென்டிரைவில் பூட் செய்து இன்னொரு பென்டிரைவையே ஹார்ட் டிஸ்க்காக நினைத்து அதில் முழு நிறுவலும் செய்வார்கள். இதில் ஒரு பொறி. உபுண்டுவின் பழைய நிறுவி, நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் பூட் கோப்பை லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் உள்ள இஎஃப்ஐ பகுதியிலேயே கொண்டுபோய் வைக்கும் பிழையோடு பல ஆண்டுகள் இருந்தது. பென்டிரைவை உருவினால் விண்டோஸுக்குப் பதில் கிரப் என்ற ஒற்றைச் சொல் மட்டும் திரையில் நிற்கும். முடிந்தால் உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுவதே பாதுகாப்பு.

அதற்கும் மேலே, பென்டிரைவ் தினசரிக் குடித்தனத்துக்குச் செய்யப்பட்டதும் அல்ல. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பு அப்படி. அதில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துத்தான் மறுபடி எழுத வேண்டும். 4 கேபி மாற்றத்துக்கு அதைப்போல நூறு மடங்கை இடம் மாற்ற வேண்டிவரும். இயங்குதளமோ பதிவேட்டிலும் தற்காலிகக் கோப்புகளிலும் ஓயாமல் சிறுசிறு துணுக்குகளாக எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் அழித்தெழுத ஓர் எல்லை உண்டு. எஸ்எஸ்டியில் இந்தச் சுமையைப் பரப்பிவிட நல்ல கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது; விலை குறைந்த பென்டிரைவில் அந்தச் சாமர்த்தியம் குறைவு. சோதிக்கவும் மீட்கவும் பென்டிரைவ், நிரந்தரமாக வைத்துக்கொள்ள உள் டிஸ்க்.

பாஸ் லினக்ஸுக்கு வாய்க்காதது இன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது: சொல்லிக்கொடுக்கும் ஆட்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடித் தமிழிலேயே பேசுகிறது. கட்டணம் இல்லை, தகுதித் தேர்வு இல்லை. இந்த வட்டத்தைச் சேர்ந்த த. சீனிவாசன் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களில் லினக்ஸுக்கும் ஒன்று இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. பென்டிரைவ் எழுதுவதில் ஆரம்பித்து வைஃபை டிரைவர் வரை, தெரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டாத இடம் அது.

பீரோ மேல் இருக்கும் லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் ஓர் 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்து பூட் செய்து பாருங்கள். நடுவில் எங்காவது நின்றுபோனால், உடனே அணைத்துவிடாமல் திரையில் கடைசியாக வந்த நாலைந்து வரிகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை குழுவில் போய்க் கேட்டால், முதலில் அந்த இரண்டைத்தான் கேட்பார்கள்.